நாய்க் குழாய்

கொதி வந்ததும் அவள் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தாள். ஈரல் துண்டுகள் அரிசியோடு மேலே வந்து மறுபடி உள்ளே போயின. கீரையை அரிந்து தட்டில் வைத்திருந்தாள். அதை இறக்கும்போதுதான் போடவேண்டும்.

கம்பி வேலிக்கு அப்பால், கேட்டுக்கு வெளியே, முதல் ஷிப்ட் ஆட்கள் நின்றார்கள். சங்கு ஊதினால்தான் கேட் திறக்கும். சிலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் காகித டம்ளர். அந்த டீயோடு உள்ளே போனால் மதியம்வரை வயிற்றில் வேறு எதுவும் விழாது. காற்று திரும்பியபோது ஈரல் வாசனை அவர்கள் பக்கம் போனது.

"அக்கா, இன்னைக்கும் ஈரலா?" என்று நெட்டை கேட்டான். வேலிக்கு மேலே தலை தெரியும் உயரம் அவனுக்கு மட்டும்தான்.

"ஆமா."

"அடுத்த பிறவியில நாயாப் பொறந்து இங்கயே வேலைக்குச் சேர்ந்துடறேன். இப்பவே சொல்லி வைங்க."

சிரித்தார்கள். அவள் கணவன் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். ஒரு காலத்தில் இந்த மாதிரிப் பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுப்பதே அவன்தான். ஆலை முழுக்க அவனுக்கு ரேடியோ என்று பேர். காலையில் கேட்டில் ஆரம்பித்தால் சாயங்காலம் கேட்டில்தான் நிறுத்துவான். உலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். இப்போது அவன் பேசாமல் நிற்பது யாருக்கும் புதிதாக இல்லை. ரேடியோவுக்கு பேட்டரி போய்விட்டது என்று ஒருமுறை சொல்லிச் சிரித்து, அதோடு விட்டுவிட்டார்கள்.

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிப் பாளமாக வார்க்கும் ஆலை அது. உடைப்பதற்கு ஒரு கொட்டகை, உருக்குவதற்கு ஒரு கொட்டகை. ரேடியோவும் நெட்டையும் உலையில் வேலை. வார்த்த பாளங்களைக் காக்க நாலு நாய்கள். நாய்களுக்குச் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, கொட்டிலைக் கழுவுவது அவள் வேலை.

நாய்கள் வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கியவை. கழுத்துப்பட்டையில் வாயில் நுழையாத பெயர்கள் பொறித்திருந்தன. அந்தப் பெயர்களால் அவற்றை யாரும் கூப்பிட்டதில்லை. ரேடியோ வைத்த பெயர்கள்தான் நின்றன. எப்போதும் படுத்தே கிடந்தது தூங்குமூஞ்சி. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைத்தது மாமியார். மற்ற இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது, அவை ஜோடி.

முதலில் விழுந்தது தூங்குமூஞ்சி. அப்போது கொட்டில் உலைக் கொட்டகைக்குப் பின்னால், கசடு மேட்டை ஒட்டி இருந்தது. நாய் நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. தண்ணீர்ச் சட்டி எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டது. பிறகு ஒரு நாள் சாய்ந்து விழுந்து, வாயில் எதுவும் இல்லாமலே மென்றது. நெட்டைதான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்வரை ஓடிவந்தான்.

நாய் டாக்டரம்மா வந்தார். ரத்தம் எடுத்துப் போனார். ஈயம் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போயிருக்கிறது என்றார். ஊசி போட்டார். கொட்டிலைக் காற்று வரும் பக்கத்துக்கு, மதில் மூலைக்கு மாற்றச் சொன்னார். நிர்வாகம் மறு பேச்சில்லாமல் மாற்றியது. அங்கே சிமெண்டுத் தரை போட்டு, ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தது. ரோந்து போய்வந்ததும் நாய்களின் பாதத்தைச் சோப்பு போட்டுக் கழுவவேண்டும். சமைக்கிறவள் உள்ளே வந்ததும் கை கழுவி, சேலைக்கு மேல் சுத்தமான துணி கட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாடு.

"வெறும் வயித்தோட இதுங்களை வெளிய விடவே கூடாது" என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னார். "வயிறு காலியா இருந்தா ஈயத்தை நல்லா இழுத்துக்கும். உடம்புல இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைஞ்சிருந்தா, அந்த இடத்துல இது போய் உக்காந்துக்கும். ஈரல், முட்டை, கீரை, இந்தப் பொடி. ஒரு வேளை கூடத் தவறக் கூடாது."

அவள் தவறவிடவில்லை. பலன் மெதுவாக வந்தது. தூங்குமூஞ்சி தன் சட்டியைத் தானே கண்டுபிடித்தது. பிறகு குச்சியை எறிந்தால் எழுந்து பார்த்தது. பிறகு எடுத்துக்கொண்டு வந்தது. அன்று அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வீட்டில் இருக்கிறவன் நினைவுக்கு வந்தான்.

வீட்டிலும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. ரேடியோ மகளைத் தூங்கவைக்கக் கதை சொல்லுவான். தினமும் புதுக் கதை. ஆலை நாய்கள் நாலும் சேர்ந்து உலகத்தைச் சுற்றும் கதை. இப்போது நடுவில் நின்றுவிடுகிறான். "அப்புறம் மாமியார் அந்த... அந்த... மேல போகுமே..." என்று கையைத் தூக்குகிறான். "விமானமாப்பா?" என்று மகள் எடுத்துக்கொடுத்தால் கோபம் வருகிறது. ஒரு தடவை சுவரில் ஓங்கிக் குத்தினான். அதற்குப் பிறகு மகள் கதை கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருப்பாள். காலையில் சட்டைப் பொத்தான் போட அவனுக்கு வெகு நேரம் ஆனது. அவள் உதவிக்குப் போகாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

டாக்டரம்மா அடுத்த முறை வந்தபோது அவள் கேட்டாள்.

"அம்மா, மனுஷனுக்கும் இதே மாதிரிதான் வருமா?"

டாக்டரம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் தண்ணீரை நிறுத்தவில்லை.

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"நான் மிருக வைத்தியர். மனுஷங்களைப் பத்தி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாரு. வேலையை விட முடிஞ்சா விடச் சொல்லு."

வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். குழாயை மூடிவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆனா ஈயத்துக்கு நாய் எது மனுஷன் எதுன்னு தெரியாது. வெறும் வயித்தோட உள்ள அனுப்பாதே. அந்தச் சட்டையோட வீட்டுக்குள்ள விடாதே. குழந்தை வேற இருக்கு."

ஒரு நாள் கூலி போகும் என்று அவன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். வீட்டில் சாப்பிடவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடியாத நேரத்தில் அவனுக்கு எதுவும் இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டீ போதும் என்றான். அதனால் அவள் வேறு வழி பார்த்தாள். நாய்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை வைத்தாள். அதில் போட்டது எல்லாம் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நாய்களின் பங்கில் ஒரு துண்டு ஈரலைக்கூட அவள் தொடவில்லை. காவலாளியிடம் சொல்லி, சங்குக்கு முன்பே அவனை உள்ளே வரவழைத்தாள். குழாயடியில் கை கழுவச் சொல்லி, கொட்டில் சுவரோரம் உட்காரவைத்துப் போட்டாள். அவன் மெல்லச் சாப்பிட்டான். அந்த இடத்தில் இறங்கியது.

நாலைந்து நாள் போயிருக்கும். நெட்டை பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, உங்க கழுத்துல எப்பப் பட்டை கட்டினாங்க?"

வேலிக்கு அப்பால் எல்லாரும் சிரித்தார்கள். வேறு யாரோ, ராத்திரி ரோந்துக்கும் ரேடியோவே போகலாம் என்றான். முன்பு என்றால் இதற்கு ரேடியோ ஒன்பது பதில் வைத்திருப்பான். இப்போது எழுந்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கேட் பக்கம் போனான். தூங்குமூஞ்சி வந்து தரையை நக்கிச் சுத்தமாக்கியது.

அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். பிறகு வேலியருகே போனாள்.

"நெட்டை, அன்னைக்கு இந்த நாயை நீதானே தூக்கிட்டு ஓடி வந்த?"

"ஆமாக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"மூட்டை மாதிரி. கால் மட்டும் தண்ணியில நீந்தற மாதிரி ஆடிக்கிட்டே இருந்துச்சு."

அவள் ஒரு குச்சியை எடுத்து மதில்வரை எறிந்தாள். தூங்குமூஞ்சி ஓடிப்போய் எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தது.

"மருந்து கொஞ்சம்தான். மிச்சம் இந்தப் பானை" என்றாள். "உன் கையை நீட்டு."

நெட்டை வேலிக்கு மேலாகக் கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். மற்றவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவன் சங்குக்கு முன்பே வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"கோழிகிட்ட இன்னும் சொல்லலை. யாராவது கேட்டா நான் தரலைன்னு சொல்லிடுங்க."

ரேடியோவை அவனே கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தான். "நீங்க முதல்ல சாப்பிடுங்க. நீங்க சீனியர் நாய்" என்றான். ரேடியோவின் முகத்தில் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பு என்றே வைத்துக்கொண்டு அவள் பரிமாறினாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் கீரைக்கட்டு, ஒருவன் அரிசி, ஒருவன் பால். கறிக்கடையில் மைத்துனன் இருந்தவன் ஈரல் கொண்டுவந்தான். சின்னப் பானை போதாமல் நெட்டை ஒரு பழைய அண்டாவைத் தேடிக் கொண்டுவந்தான். அதன் அடியைச் சோப்பு போட்டு, மண் போட்டு, மறுபடி சோப்பு போட்டு அவள் மூன்று நாள் தேய்த்தாள். அண்டா எங்கிருந்தது என்று கேட்டு, உடைக்கிற கொட்டகையில் என்று அவன் சொன்னதும், அப்படியே திருப்பிக் கொடுத்தாள். வேறு அண்டா வந்தது.

அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. முழங்கைவரை கழுவவேண்டும். நகத்தைக் காட்டவேண்டும். வேலைச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. கொட்டில் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டு, மாற்றுச் சட்டையில் போகவேண்டும். ஒரே குழாய் என்பதால் வரிசை நீண்டது. அதற்கு நாய்க் குழாய் என்று பேர் வந்தது. 'நாய்க் குழாய்க்குப் போயிட்டு வந்துடறேன்' என்று எல்லாரும் கூசாமல் சொன்னார்கள். மாமியார் மட்டும் ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்தது. "பந்தியில மாமியார் அப்படித்தான் இருப்பாங்க" என்றான் நெட்டை.

உலை மேஸ்திரி முதலில் பார்க்காதவர்போல் அந்தப் பக்கமாக நடந்துபோனார். அடுத்த வாரம் நின்று பார்த்தார். அதற்கடுத்த வாரம் குழாயடியில் கை கழுவிவிட்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். அவருக்கும் அவள் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. அன்று அவள் பாளங்கள் அடுக்கிய இடத்திலிருந்து ஜோடியை அழைத்து வந்துகொண்டிருந்தாள். உலைக் கொட்டகை வாசலைக் கடந்தபோது உள்ளே பார்த்தாள். புகைக்குள் ஒருவர் முகத்திலும் துணி இல்லை. நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் உலையில் நிற்பார்கள். ஆலை கொடுத்ததல்ல, அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. மூச்சு முட்டும், வேர்க்கும், ஆனாலும் கட்டுவார்கள். இப்போது அவிழ்த்துவிட்டார்கள். ரேடியோ நீளக் கரண்டியால் உருகிய ஈயத்தின் மேல் படிந்த ஆடையை வழித்துக்கொண்டிருந்தான். அவன் முகமும் வெறுமையாக இருந்தது.

சாயங்காலம் கேட்டாள். அவன் கள்ளமில்லாமல் சொன்னான்: "அதான் சாப்பிடறோமே."

நெட்டையும் அதையே சொன்னான். ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், சாப்பாடுதான் காப்பாற்றுகிறதே என்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தான். அவள் அன்று இரவு மகளுக்குத் தலை பின்னும்போது இழுத்த இழுப்பில் மகள் வலிக்கிறது என்றாள்.

காலையில் அண்டா அடுப்பில் இருந்தது. மூடி மேல் ஒரு கல் இருந்தது. ஆட்கள் கை கழுவி வந்து உட்கார்ந்தார்கள். அவள் கரண்டியை எடுக்கவில்லை.

"மூக்குத் துணியைக் காட்டுங்க" என்றாள்.

யாரிடமும் இல்லை.

"இந்தச் சாப்பாடு வயித்துல போறதைக் கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான். அதையும் டாக்டரம்மா முழுசாத் தடுக்கும்னு சொல்லலை. மூச்சுல போறதுக்கு நான் என்ன சமைச்சுப் போட? நாயைக் காப்பாத்தினது சாப்பாடு மட்டும்னு நெனச்சீங்களா? அதைக் கசடு மேட்டுல இருந்து இங்க மாத்தினாங்க. உங்களை மாத்தினாங்களா?"

கல்லை எடுக்கவில்லை. அன்று எல்லாரும் டீயோடு உள்ளே போனார்கள். அவள் கணவனும் போனான். ஆலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவளுக்கு அதைவிடக் கஷ்டமான காலை இருந்ததில்லை. அண்டா ஆறும்வரை பக்கத்தில் நின்றிருந்தாள். மறுநாள் ஒவ்வொரு கழுத்திலும் ஈரத்துணி தொங்கியது. இரண்டு ஷிப்ட் பார்த்தவனும் முதல் ஷிப்டோடு நின்றான். சாப்பாடு தொடர்ந்தது.

ரேடியோ பழையபடி ஆகிவிடவில்லை. வயிற்று வலி குறைந்தது. சட்டைப் பொத்தான் பரவாயில்லை. வார்த்தைகள் சில திரும்பின, சில திரும்பவில்லை. ஒரு இரவு அவன் மகளிடம் தானாகப் பேச்சை ஆரம்பித்தான். மாமியார் விமானத்தில் ஏறி விமானியையே பார்த்துக் குரைத்தது என்றான். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சத்தம் வராமல் கழுவினாள். கதை சின்னதுதான். ஆனால் முடிந்தது. மகள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டாள்.

மேனேஜர் வழக்கமாக மதியத்தில்தான் வருவார். அன்று காலையிலேயே வந்துவிட்டார். பாளம் வாங்குகிற யாரோ வருவதாக இருந்தது. கார் கொட்டில் பக்கம் திரும்பியபோது ஆட்கள் பாதித் தட்டில் இருந்தார்கள். சுவர் நெடுக வேலைச் சட்டைகள் மாட்டியிருந்தன. தூங்குமூஞ்சி நெட்டையின் மடியில் தலை வைத்திருந்தது.

மேனேஜர் சத்தம் போடுகிறவர் அல்ல. இறங்கி வந்து அண்டாவுக்குள் பார்த்தார்.

"யார் வீட்டு ஈரல்?" என்றார்.

அவள் நாய்ப் பானையின் மூடியையும் எடுத்துக் காட்டினாள். நாய்களுக்குரியது குறையாமல் இருந்தது. மற்றது அவர்கள் கொண்டுவந்தது என்றாள்.

"அது சரிம்மா. இருந்தாலும் இது நாய்ங்களுக்கான இடம்."

மேஸ்திரி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நெட்டை மடியிலிருந்த நாயின் தலையை மெல்ல நகர்த்தினான். ரேடியோ எழுந்தான்.  உட்கார் என்று அவள் கண்ணால் சொன்னாள். அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"நாய்க்கான இடம்னு தெரியும் சார்" என்றான். "நாயைப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். அது சாப்பிட்டுட்டு வேலைக்குப் போகுது. நாங்களும் சாப்பிட்டுட்டுப் போறோம். அது வந்ததும் காலைக் கழுவி விடறாங்க. அதுக்கு ரத்தம் பாத்தீங்க, எங்களுக்கும் ஒரு தடவை பாருங்க. எங்க கொட்டகையிலயும் ஒரு குழாய் வையுங்க. குழாயும்..."

நின்றுவிட்டான்.

வார்த்தை வரவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்தது. எந்த வார்த்தை என்பதும் தெரிந்தது. நெட்டையின் வாயில் அது இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். எல்லாரும் கை கழுவியபின் இடுப்பில் முடிந்திருந்த அந்தப் பொருளை அவள் இறுக்கிப் பிடித்தாள். எடுத்துக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேடியோ இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்தான். மறுபடி தேய்த்தான். அண்டாவில் ஒரு கொதி வந்து அடங்கியது.

"சோப்பும்" என்றான்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

"குழாயும் சோப்பும் வேணும் சார். சட்டை மாட்டற ஆணியை நாங்களே அடிச்சுக்கறோம்."

மேனேஜர் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். காரில் ஏறும்போது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆறிவிடும் என்றும் சொன்னார்.

அன்று முழுக்க ஆலையில் அதே பேச்சு. உடைக்கிற கொட்டகையிலிருந்து ஆட்கள் ரேடியோவைப் பார்க்கவென்றே வந்தார்கள். ஆணி நாங்களே அடிச்சுக்கறோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலம் அவனும் அவளும் சேர்ந்து நடந்தார்கள்.  வீட்டு வாசலில் அவன், "அந்த ஒரு வார்த்தைதான் மாட்டிக்கிச்சு" என்றான். "வந்துடுச்சுல்ல" என்றாள்.

டாக்டரம்மா அந்த வாரம் வந்தார். நடந்ததை எல்லாம் நின்றபடியே கேட்டார். நாய்களைப் பார்த்து முடித்ததும் காரில் உட்கார்ந்து வெகு நேரம் எழுதினார். மனிதர்களைப் பற்றி எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால், இந்த ஆலைக்குள் எந்த உயிரும் இருப்பது மூளைக்குக் கேடு, எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் போதாது என்று எழுதியதாக அவளிடம் சொன்னார். எந்த உயிரும் என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன் என்றார்.

நிர்வாகம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. பத்து நாளில் லாரி வந்தது.

நாய்கள் நகருக்கு வெளியே இருந்த நிர்வாகத்தின் தோட்ட வீட்டுக்குப் போகின்றன. இங்கே பாளங்களைக் காக்கக் கேமரா வரும். கொட்டில் சாமான் வைக்கும் அறையாகிறது. குழாய் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்து ஸ்பானரோடு காத்திருந்தான். மேனேஜர் அவளிடம் பொறுமையாகவே பேசினார். வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உடைக்கிற கொட்டகையில் பெண்கள் தேவை, திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். அவள் யோசித்து முடித்திருந்தாள். அண்டாவும் கரண்டியும் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கத்தில் இருந்தன. டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீருக்கு ஒப்புக்கொண்டிருந்தார். சோப்பை அவள் இடுப்பில் முடிந்திருந்தாள்.

கூண்டுகளைத் தூக்க உலையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். மூன்று கூண்டுக்கும் புது மெத்தை போட்டிருந்தது. மாமியார் குரைத்துக்கொண்டே ஏறியது. ஜோடி ஒரே கூண்டில் போனது. தூங்குமூஞ்சி அவள் முந்தானையைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. ரேடியோ வந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் விட்டது. கூட வந்த ஆளிடம் டாக்டரம்மா மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்: வெறும் வயிற்றோடு விடக்கூடாது, கை கழுவாமல் தொடக்கூடாது, வருஷத்துக்கு இரண்டு தடவை ரத்தம் பார்க்கவேண்டும். நெட்டை கூண்டின் ஒரு முனையைப் பிடித்தபடி அதையெல்லாம் கேட்டான். பேச்சின் நடுவில் டாக்டரம்மா அவன் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீதியைச் சொன்னார்.

லாரி வெளியே போகப் பின்பக்க வழி ஒன்றுதான். அது உலைக் கொட்டகை வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. உலை அப்போதுதான் பிடித்திருந்தது. மஞ்சளும் கருப்புமாகப் புகை பாதைமேல் தணிந்து நின்றது.

"தார்ப்பாயை நல்லா இழுத்துக் கட்டுங்கப்பா" என்றார் மேனேஜர். "புகை உள்ள போகக் கூடாது. அதுங்களுக்கு ஆகாது."

ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று தார்ப்பாயை இழுத்தார்கள். கயிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. கடைசி முடிச்சை ரேடியோ போட்டான். அவன் மணிக்கட்டு கொஞ்சம் தடுமாறியது, பிறகு பிடித்தது. இடைவெளி எங்காவது இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தான். ஒரு மூலையில் விரலளவு இருந்தது. அதையும் உள்ளே மடித்துச் செருகினான்.

சங்கு ஊதியது. லாரி நகர்ந்தது. ஆட்கள் கழுத்தில் கிடந்த துணியை நாய்க் குழாயில் நனைத்து, மூக்கின்மேல் கட்டிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் நடந்தார்கள். வாசலில் லாரி புகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனது. அவர்கள் உள்ளே திரும்பினார்கள். ஸ்பானர் வைத்திருந்தவன் குழாயடியில் குனிந்தான்.